முயலின் பல்லும் குடலும்

(அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அரங்கில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் பொதுவான விலங்கு எது என்று யோசித்தேன். முதல் வகுப்பில் 'மு' எழுத்துக்குப் படம் முயல். பத்தாம் வகுப்பு அறிவியலில் அட்டையைப் படித்து முடித்தால் அடுத்து முயல், அதன் பற்சூத்திரத்தோடு. நடுவில் உள்ள வகுப்புகளில் ஆமையோடு ஓட்டப்பந்தயம் வைத்துத் தோற்பதற்கும் அதுவே வந்து நிற்கிறது. ஆகவே முயலைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மருந்தகத்துக்கு முயலைத் தூக்கி வருகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் மாணவர்கள். அட்டைப் பெட்டியில் துணி விரித்து, உள்ளே முயலை வைத்து, பக்கத்தில் ஒரு கேரட்டையும் வைத்து எடுத்து வருவார்கள். அந்தக் கேரட் தொடப்படாமலே கிடக்கும். "என்னம்மா கொடுத்தீங்க?" என்று கேட்டால் பிஸ்கட், சோறு, கேரட், ரொட்டி என்று பட்டியல் வரும். "புல்?" என்று கேட்டால் பிள்ளை அம்மாவைப் பார்க்கும், அம்மா பிள்ளையைப் பார்ப்பார். நான் பார்க்கும் முயல் சாவுகளில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில் இருந்து தொடங்குகிறது. கிருமியால் வருவது குறைவு. "முயல்னா அப்படித்தான் சார், தங்காது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒழுங்காக வளர்த்தால் வீட்டு முயல் எட்டு முதல் பத்து ஆண்டு வாழும். ஆறு மாதத்தில் செத்துப்போவது அதன் இயல்பு கிடையாது.

முதலில் எந்த முயல் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் எல்லாவற்றுக்கும் முயல் என்ற ஒரே சொல்தான். திருக்குறளில் படைச்செருக்கு அதிகாரத்தில் வருவது நம் காட்டு முயல். அது குழி தோண்டாது. புதர் அடியில் படுத்திருக்கும். குட்டிகள் உடல் முழுக்க முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். நாம் கூண்டில் வளர்ப்பது ஐரோப்பாவின் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியில் இருந்து வந்த குழி முயல். அதன் குட்டிகள் முடியில்லாமல், கண் மூடியபடி பிறக்கும். காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வயலில் அகப்பட்டது என்று ஒரு மாணவர் தூக்கிக்கொண்டு வந்தால் பாராட்டாதீர்கள், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். பெரும்பாலும் தாய் அருகில்தான் இருக்கும்.

சரி, பல்லுக்கு வருவோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரைப் பற்றி ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். பல் விஷயத்தில் நாம் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான். முயலுக்கு எத்தனை பல் என்று கேட்டால், முன்னால் தெரியும் நாலைந்தைச் சொல்லி நிறுத்திவிடுவோம். மொத்தம் 28. பத்தாம் வகுப்புப் பற்சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தாடையில் ஒரு பக்கத்துக்கு வெட்டும் பல் 2, கோரைப்பல் இல்லை, முன்கடைவாய்ப்பல் 3, பின்கடைவாய்ப்பல் 3. கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு 1, 0, 2, 3. இரண்டு பக்கமும் சேர்த்தால் மேலே 16, கீழே 12.

இதில் மேலே வெட்டும் பல் இரண்டு, கீழே ஒன்று என்பதைக் கவனியுங்கள். கண்ணாடி முன் நின்று பல்லைக் காட்டுவதுபோல முயல் காட்டினால் மேலே இரண்டு பெரிய பற்கள் மட்டும்தான் தெரியும். அவற்றின் முதுகுக்குப் பின்னால் இரண்டு குட்டிப் பற்கள் முளை அடித்ததுபோல் ஒளிந்திருக்கின்றன. வாய் மூடும்போது கீழ்ப்பல்லின் நுனி அந்தக் குட்டிப் பல்லோடு போய்ப் பொருந்தும். எலிக்கும் அணிலுக்கும் இது கிடையாது. "முயல் ஒரு கொறிக்கும் விலங்கு, எலி இனம்" என்று இன்றும் பல இடங்களில் எழுதுகிறார்கள். 1912-இலேயே ஜேம்ஸ் கிட்லி என்ற அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் முயலைக் கொறிவிலங்குகளில் இருந்து பிரித்து லேகோமார்பா என்ற தனி வரிசையில் வைக்க வேண்டும் என்று எழுதினார். அது ஏற்கப்பட்டு நூறாண்டு தாண்டிவிட்டது. கரும்பலகையில் கொறிவிலங்குக்கு எடுத்துக்காட்டாக முயலை எழுதும் பழக்கத்தை நாம் விட்டுவிடலாம்.

இந்த 28 பல்லும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எலிக்கு முன்பல் மட்டும்தான் அப்படி வளரும், கடைவாய்ப்பல் வளராது. முயலுக்குக் கடைவாய்ப்பல்லும் சேர்ந்து வளர்கிறது. முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். ஐந்தாம் வகுப்பில் இதைக் கணக்காகக் கொடுங்கள்: வாரம் 2 மில்லிமீட்டர் என்றால் ஆண்டுக்கு எவ்வளவு? 10 சென்டிமீட்டருக்கு மேல். எட்டு ஆண்டு வாழ்ந்த முயலுக்கு? அடிக்கோலைத் தாண்டிப் போகும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். "அப்படியானால் அந்தப் பல் எங்கே போனது?" என்ற கேள்வி அவர்களிடம் இருந்தே வரும். பாடம் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

தேய்ந்து போனது என்பது விடை. எதனால் தேய்ந்தது? உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாணல் தெரியும். அதன் ஓரத்தை இழுத்தால் விரல் அறுபடும் என்றும் தெரியும். புல்லில் சிலிக்கா என்ற பொருள் நுண்ணிய துகள்களாகப் படிந்திருக்கிறது. மணலில் இருக்கும் அதே பொருள். அதாவது புல் தின்பது பல்லுக்கு உப்புத்தாளை மெல்வது மாதிரி. அதோடு, புல்லை மெல்லும்போது முயலின் கீழ்த்தாடை பக்கவாட்டில் நகர்கிறது. நிமிடத்துக்கு நூறு முறைக்கும் மேல் இப்படி அரைக்கும். கேரட், பிஸ்கட், தீவனக் குருணை இவற்றை மெல்லும்போது தாடை மேலும் கீழுமாக இடிக்கிறது, அரைப்பது குறைகிறது. சீக்கிரம் தின்று முடித்துவிடுவதால் மெல்லும் நேரமும் குறைகிறது.

இதை வகுப்பில் காட்ட எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு முறுக்கைக் கடிக்கச் சொல்லி, கன்னத்தில் கைவைத்துத் தாடை எப்படி அசைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு தெருவில் ஒரு மாடு அசைபோடுவதைப் பார்த்து வரச் சொல்லுங்கள். முன்னது உரலில் இடிப்பது, பின்னது திருகையில் அரைப்பது. முயலின் கடைவாய் ஒரு திருகை. திருகையில் ஒரே பக்கம் தானியம் விழுந்தால் கல் கோணலாகத் தேயும் அல்லவா? முயலின் மேல்தாடை வரிசை அகலம், கீழ்த்தாடை வரிசை குறுகல். பக்கவாட்டு அரைப்பு இல்லாமல் போனால் பல்லின் ஒரு விளிம்பு மட்டும் தேயாமல் நின்று ஊசிபோல் முனையாகும். கீழ்ப்பல்லின் முனை நாக்கைக் குத்தும். மேல்பல்லின் முனை கன்னத்தைக் குத்தும்.

சிலர் "பல் தேய ஒரு கட்டையைப் போட்டிருக்கிறோம் டாக்டர்" என்பார்கள். கட்டையைக் கடித்தால் முன்பல் கொஞ்சம் தேயும். கடைவாய்ப்பல்லுக்கும் கட்டைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கடைவாய்க்கு மருந்து புல் ஒன்றுதான்.

பல் மேலே வளர இடமில்லாவிட்டால் வேர்ப்பக்கம் நீளும். மேல்தாடையில் வேர் நீண்டால் கண்ணீர் வடியும் குழாயை அழுத்தும். அதனால் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டால் அது நிற்காது. கீழ்த்தாடையில் நீண்டால் தாடை எலும்பின் அடியில் தடவிப் பார்க்கும்போது சின்னச் சின்ன மேடாகத் தட்டும். சீழ் கட்டினால் அது நீர்மமாக இராது, பாலாடைக்கட்டி போல் கெட்டியாக இருக்கும். கீறிவிட்டால் வடிந்துவிடும் என்று நினைக்க முடியாது. அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

இப்போது குடல். நேரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, இங்கே நின்று பேச வேண்டும். ஏனென்றால் வகுப்பறையில் நாம் சொல்லும் ஒரு வாக்கியம் பாதிதான் சரி. "முயலின் சீக்கத்தில் உள்ள நுண்ணுயிரிகள் செல்லுலோஸைச் செரிக்கின்றன" என்று சொல்லித் தருகிறோம். பொய் இல்லை. ஆனால் இதைக் கேட்ட மாணவன், மாடு எப்படியோ முயலும் அப்படியே என்று எண்ணிக்கொள்கிறான்.

மாட்டை நினைத்துப் பாருங்கள். நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஒரு தொட்டியை வயிற்றில் சுமந்து நடக்கிறது. வைக்கோலை அதில் போட்டு ஊறவைத்து, எடுத்து எடுத்து அசைபோட்டு, நாரில் இருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுக்கிறது. அதற்கு நேரம் இருக்கிறது. முயலுக்கு நேரம் கிடையாது. நரி வந்தால் ஓட வேண்டும், பருந்து வந்தால் குழிக்குள் பாய வேண்டும். எலும்புக்கூடு முழுவதும் சேர்ந்து உடல் எடையில் 8 சதவீதம்தான். அவ்வளவு இலேசான உடம்பில் தொட்டி கட்ட முடியாது. ஆகவே அது வேறு வழியைப் பின்பற்றுகிறது. புல்லில் உள்ள முரட்டு நாரைச் செரிக்க மெனக்கெடுவதில்லை. பிரித்து வெளியே தள்ளிவிடுகிறது.

பிரிக்கிற வேலை பெருங்குடலின் தொடக்கத்தில் நடக்கிறது. நம் வீட்டில் மாவு சலிப்பது போல. பெரிய நார்த்துண்டுகள் நடுவில் உருண்டு முன்னே போய், நீர் பிழியப்பட்டு, உருண்டையான கெட்டிப் புழுக்கையாகச் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். மிக நுண்ணிய துகள்களும் நீரும் குடல் சுவரின் பின்னோக்கிய அசைவால் சீக்கத்துக்குத் திருப்பி அனுப்பப்படும். முயலின் சீக்கம் மிகப் பெரியது. குடல் பாதை முழுவதிலும் உள்ள பொருளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரு பையில்தான் இருக்கும். இரைப்பையைவிடப் பெரிது. அதன் முனையில் விரல்போல் குடல்வால். நமக்குச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிப்போன பகுதி முயலில் வயிற்றையே அடைத்துக்கொண்டிருக்கிறது.

சீக்கத்தில் நுண்ணுயிரிகள் அந்த நுண்துகள்களை நொதிக்க வைக்கின்றன. அதில் உருவாகும் கொழுப்பு அமிலங்களைக் குடல் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் நுண்ணுயிரிகளின் உடலில் சேர்ந்த புரதமும், அவை உண்டாக்கிய பி வகை வைட்டமின்களும் கே வைட்டமினும் சிக்கலான இடத்தில் இருக்கின்றன. செரித்து உறிஞ்சும் சிறுகுடல் முன்னாலேயே முடிந்துவிட்டதே! சரக்கு தயார், கடை பின்னால் போய்விட்டது. முயல் இதற்குக் கண்ட வழி, அந்தச் சரக்கை வெளியேற்றி மறுபடியும் வாய்வழியாக உள்ளே அனுப்புவது.

ஆமாம், தன் புழுக்கையைத் தானே தின்னும். பிள்ளைகள் "ச்சீ" என்பார்கள். அந்தச் "ச்சீ"யை அடக்கிவிடாதீர்கள். அதுதான் பாடத்துக்கு வாசல். முயல் இரண்டு வகைப் புழுக்கை போடுகிறது. பகலில் நாம் கூட்டி அள்ளுவது கெட்டிப் புழுக்கை: உருண்டை, காய்ந்தது, உடைத்தால் வெறும் நார். மற்றொன்று மென்புழுக்கை: கருமையாக, பளபளப்பாக, திராட்சைக் கொத்தின் சிறு வடிவம் போல ஒட்டி இருக்கும். மேலே கோழை உறை. ஓய்வாக இருக்கும் நேரத்தில், பெரும்பாலும் காலையில், முயல் குனிந்து ஆசனவாயில் இருந்தே அதை வாயில் எடுத்து மெல்லாமல் விழுங்கிவிடும். அதனால் நாம் பார்ப்பதே இல்லை. அந்தக் கோழை உறை இரைப்பையின் கடும் அமிலத்தில் சில மணி நேரம் கரையாமல் காக்கும். மோரோ என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் 1882-இல் இதை விவரித்து எழுதினார். அதற்கு முன்பு எத்தனையோ நூற்றாண்டு முயல் வளர்த்தவர்கள், அது குனிவதைப் பார்த்து உடம்பைச் சுத்தம் செய்கிறது என்றே நினைத்திருப்பார்கள்.

மாடு மேலே கொண்டுவந்து மெல்கிறது, முயல் சுற்றிக்கொண்டுவந்து விழுங்குகிறது. இரண்டுமே ஒரு முறை உண்டதை இரண்டு முறை பயன்படுத்துவதுதான். மாட்டைப் பார்த்து ச்சீ என்று சொல்லாத பிள்ளை முயலை மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

அப்படியானால் செரிக்காத நார் எதற்கு? அதைக் குறைத்துவிட்டுச் சத்தான மாவுத் தீனி கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? என்னிடம் வருகிற படித்த பெற்றோர் பலர் இப்படித்தான் வாதிடுகிறார்கள். செரிக்காத அந்த முரட்டு நார்தான் குடலைத் தள்ளி நகர்த்துகிறது. அது இல்லாவிட்டால் குடலின் அசைவு தளரும். பிஸ்கட்டிலும் சோற்றிலும் உள்ள மாவுப் பொருள் மிஞ்சிப்போய்ச் சீக்கத்தில் விழுந்தால் அங்கே இருக்கக் கூடாத நுண்ணுயிரிகள் பெருகி வாயுவும் நஞ்சும் உண்டாகும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஏப்பம் விட்டும் தப்பிக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கி மட்டுமே போக வேண்டும். அந்தப் பாதை நின்றால் முயல் நிற்கும். பன்னிரண்டு மணி நேரம் முயல் ஒன்றும் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

பல்லும் குடலும் எப்படிச் சேர்ந்து விழும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு தொடக்கப் பள்ளியில் நான்கு முயல் வளர்த்தார்கள். நல்ல எண்ணம், சுற்றுச்சூழல் மன்றத்தின் முயற்சி. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கேரட்டும் பிஸ்கட்டும் போட்டார்கள். மதிய உணவில் மிஞ்சிய சோறும் விழுந்தது. இரண்டு முயல் போன பிறகு மூன்றாவதைத் தலைமையாசிரியை எடுத்து வந்தார். மோவாய் ஈரமாக இருந்தது. பின்புறத்தில் மென்புழுக்கை அப்பி, ஈ மொய்த்து, புழு வைத்துவிட்டது. "பேதி சார்" என்றார். வாயைத் திறந்து பார்த்தால் கீழ்க்கடைவாய்ப்பல் முனை நாக்கை அறுத்திருந்தது. வாய் வலிப்பதால் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யவில்லை. நார் இல்லாத தீனியால் மென்புழுக்கை கூழாக வந்தது. அதையும் எடுத்துத் தின்ன முடியவில்லை. அது ஒட்டியது, ஈ வந்தது. பார்வைக்குப் புண் பின்புறத்தில், வேர் வாயில்.

மயக்க மருந்து கொடுத்து முனைகளை அராவிச் சரிசெய்தோம். புழுவை எடுத்தோம். அது பிழைத்தது, நான்காவதும் பிழைத்தது. தலைமையாசிரியை செய்த ஒரு வேலை எனக்குப் பிடித்திருந்தது. நான்காம் வகுப்பில் ஒரு சிறுமியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் காலையில் ஐந்து புழுக்கையை எடுத்து அளவுகோலில் வைத்து அளந்து எழுதச் சொன்னார். தொடக்கத்தில் மிளகு அளவில் கோணலாக இருந்தவை, புல் போடத் தொடங்கிய சில வாரங்களில் கொண்டைக்கடலை அளவுக்கு வந்தன. எனக்கு அந்த நோட்டு ஆய்வகச் சான்று மாதிரி உதவியது. புழுக்கை சிறுத்தால் தீனி குறைகிறது, ஒன்றோடொன்று முடியில் கோத்து வந்தால் நார் போதவில்லை, நின்றுபோனால் அன்றே மருந்தகம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மட்டும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

என்ன கொடுப்பது என்பதை நம் ஊருக்கு ஏற்றபடி சொல்கிறேன். தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். பச்சையாகவோ காய்ந்ததாகவோ எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கினியாப்புல், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் எல்லாம் ஆகும். முயல் மசால் என்றே ஒரு தீவனப் பயிருக்கு நம் ஆட்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதையும் கொஞ்சம் சேர்க்கலாம். குதிரைமசால் வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நல்லது. வளர்ந்த முயலுக்கு அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். முயல் உணவில் உள்ள சுண்ணாம்பைக் கணக்குப் பார்க்காமல் உறிஞ்சிவிட்டு, மிஞ்சியதைச் சிறுநீரில் கழிக்கும். அதனால்தான் அதன் சிறுநீர் சுண்ணாம்புத் தண்ணீர்போல் கலங்கலாக இருக்கிறது. சில இலைகளைத் தின்றால் சிவப்பாகவும் போகும். இரத்தம் என்று பலர் பயந்து ஓடி வருவார்கள். வைக்கோல் மட்டும் போட்டால் போதாது, சத்து குறைவு.

கீரைகளில் கொத்தமல்லித் தழை, முருங்கை, அகத்தி, கல்யாண முருங்கை, முள்ளங்கி இலை ஆகியவற்றைச் சிறிதளவு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். அரளி, உண்ணிச்செடி, பார்த்தீனியம், தக்காளிச் செடி, உருளைக்கிழங்குச் செடி, குரோட்டன்ஸ் கூடவே கூடாது. பள்ளித் தோட்டத்தில் இவற்றில் இரண்டாவது இல்லாமல் இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து தெளித்த வயல் வரப்பின் புல்லும் வேண்டாம். தண்ணீர் எப்போதும் கவிழாத மண்சட்டியில் இருக்கட்டும்.

கேரட்டை நான் வில்லனாக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஒரு வில்லை கொடுத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் 2 கிலோ முயலுக்கு 100 கிராம் கேரட் என்பது 40 கிலோ சிறுவனுக்கு 2 கிலோ கேரட்டுக்குச் சமம். இந்த விகிதக் கணக்கையும் ஆறாம் வகுப்பில் போடலாம். கேரட்டை முயலின் கையில் கொடுத்தது 1940-இல் திரைக்கு வந்த பக்ஸ் பன்னி. 1902-இல் வெளிவந்த பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் முயல் கதையில் அது தோட்டத்தில் புகுந்து தின்பது லெட்டூஸ் கீரையும் பீன்சும் முள்ளங்கியும். வரைந்தவர் வீட்டில் முயல் வளர்த்தவர் என்பது தெரிகிறது. நம் சுவர் ஓவியங்களில் முயலுக்குக் கேரட் வரைகிற இடத்தில் ஒரு புல் கற்றையை வரைந்தால் செலவு ஒன்றும் கூடப் போவதில்லை.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். முயல் பண்ணைக் கையேடுகளில் மக்காச்சோளம், பிண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனம் சொல்லியிருக்கும். அது தப்பில்லை. இறைச்சிக்காக வளர்ப்பவர் மூன்று நான்கு மாதத்தில் விற்றுவிடுவார். அவருக்கு எடை வேண்டும். பள்ளியிலும் வீட்டிலும் வளர்ப்பவருக்கு ஆண்டுகள் வேண்டும். கையேட்டின் அளவை இங்கே அப்படியே எடுத்தால் கொழுத்த, பல் வளர்ந்த முயல்தான் மிஞ்சும். அடர்தீவனம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கிலோ எடைக்கு ஒரு நாளில் 25 கிராமைத் தாண்ட வேண்டாம்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற முயல் இனங்களை வளர்க்கிறார்கள். அந்தக் குளிருக்கு அவை செழிக்கும். சித்திரை வெயிலில் சமவெளியில் தகரக் கூரைக்கடியில் வைத்தால் முயலுக்கு வியர்வை கிடையாது. காதின் வழியாகத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சூடு கூடினால் தின்பதை நிறுத்தும். நிறுத்தினால் என்ன ஆகும் என்று முன்பே சொன்னேன். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. பின்னங்கால் தசை அவ்வளவு வலு. உதறினால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்புறத்துக்கடியில்.

சந்தையில் குட்டி வாங்குகிறவர்களிடம் வயது கேட்கச் சொல்லுங்கள். நான்கு வாரக் குட்டியைக் கையில் அடங்கும் அழகுக்காக விற்கிறார்கள். தாய்ப்பாலில் இருந்து புல்லுக்கு மாறும் காலம் அது. சீக்கத்தில் நல்ல நுண்ணுயிரிகள் அப்போதுதான் குடியேறுகின்றன. அந்த நேரத்தில் தாயைப் பிரித்து பிஸ்கட் கொடுத்தால் கழிந்தே செத்துவிடும். எட்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும்.

பள்ளியில் முயல் வளர்க்கலாமா என்று இடைவேளையில் ஒருவர் கேட்டார். என் கருத்து: சனி, ஞாயிறு, காலாண்டு விடுமுறை, மே மாதம் ஆகியவற்றுக்குப் பெயர் போட்டு ஆள் ஒதுக்க முடிந்தால் வளருங்கள். முயல் அதிகம் தின்பது அந்தியிலும் விடியலிலும். பள்ளி நடக்கும் நேரம் அதன் தூக்க நேரம். மதியம் அதைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி நிற்பதும், மணி அடித்தபின் மறுநாள் வரை ஒருவரும் எட்டிப் பார்க்காததும் தலைகீழ் ஏற்பாடு. ஆள் கிடைக்காது என்றால் மாட்டையும் ஆட்டையும் பார்த்துப் பாடம் நடத்துங்கள். அவை எல்லா ஊரிலும் இருக்கின்றன.

இன்னொருவர், வீட்டில் இருக்கும் முயலின் முன்பல் வளைந்து வளர்ந்துவிட்டது, நகவெட்டியால் வெட்டலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். வெட்டினால் பல் நெடுக விரிசல் விட்டு வேர்வரை போகும், சீழ் வைக்கும். மருந்தகத்தில் சுழலும் அரத்தால் அராவ வேண்டும். வீட்டில் இருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவதும் வேண்டாம். சீக்கத்தில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளைக் கொன்று அது முயலையே கொல்லக்கூடும். முயலை இருட்டான பெட்டியில், தின்கிற புல்லோடு எடுத்து வாருங்கள். அறுவைக்கு முன் அதைப் பட்டினி போட வேண்டியதில்லை, வாந்தி எடுக்காத விலங்கு. வரும்போது கூண்டின் அடியில் கிடக்கும் அன்றைய புழுக்கையையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவாருங்கள். முயலைத் தொடுவதற்கு முன் நான் அதைத்தான் கேட்பேன்.